மாயாற்றங்கரைச் சவாரி

'சபாரி' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் நாற்பதைக் கடந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் உடுப்புத்தான். அரைக்கைச் சட்டையும் அதே துணியில் கால்சட்டையுமாக, முன்புறம் நான்கு பைகள் வைத்துத் தைத்த அந்த உடுப்பை அணிந்துகொண்டு எத்தனை ஹெட்கிளார்க்குகள் தாலுகா ஆபீஸ் தாழ்வாரங்களில் கம்பீரமாக உலவியிருக்கிறார்கள்! அதற்கு அப்பெயர் ஏன் வந்தது என்று அவர்களுள் எவரேனும் விசாரித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

கிழக்கு ஆபிரிக்காவில் வழங்கும் சுவாஹிலி பாஷையில் சபாரி என்றால் பிரயாணம், அவ்வளவே. மாமியார் வீட்டுக்குப் போவதும் அங்கே சபாரிதான். அரபு மொழியின் 'சபர்' என்ற சொல்லிலிருந்து அது வந்தது. இந்தச் சாதுவான சொல்லின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிய கையோடு 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆபிரிக்கா சென்றார். நூற்றுக்கணக்கான சுமைகூலிகள் அணிவகுத்துச் செல்ல, தகப்பனாரும் மகனுமாக அவர்கள் சுட்டு வீழ்த்திய மிருகங்களின் எண்ணிக்கை மட்டும் 512. பொருட்காட்சிசாலைக்காகவே சுட்டோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். நாளடைவில் துப்பாக்கி இருந்த இடத்தில் காமிரா வந்தது. சொல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இவ்வளவையும் இப்பொழுது நாம் எழுத நேர்ந்த காரணம் ஒன்றுண்டு. நம் அத்திப்பட்டிலிருந்து பிழைப்பை நாடிக் கடல் கடந்து சென்ற பிள்ளைகளில் ஒருவன் சாம்பியா தேசத்தில் வேலை பார்க்கிறான். ஜாம்பசி நதிக்கரையிலுள்ள வனத்தில் எடுத்த படங்களை அவன் தன் வீட்டாருக்கு அனுப்பியிருந்தான். தெருவெல்லாம் அந்தப் படங்களைப் பார்த்தது. பார்த்த நாள் முதலாக, "ஸார், அங்கே குடும்பத்தோடு போய்வர என்ன செலவாகும்?" என்று நம்மைக் கேட்காதவர் இல்லை. பூகோளம் கற்பிக்கிற உபாத்தியாயரிடம் கப்பல் கம்பெனி ஏஜெண்டிடம் கேட்பது போலக் கேட்டால் என்ன சொல்வது? அந்த நதிக்கரை விடுதிகளில் ஒருவர் ஓர் இரவு தங்குவதற்கான கட்டணம் ஓர் உபாத்தியாயரின் மாதச் சம்பளத்துக்கு ஈடாகும் என்று சொன்னோம். பேச்சு அத்துடன் அடங்கிற்று.

ஆயினும் அந்த நதிக்கரையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை. ஜாம்பசியின் வடகரையில் 'கீழ் ஜாம்பசி' வனம், 4,092 சதுர கிலோமீட்டர். 1983-ல் அதைத் தேசீயப் பூங்காவாக்கினார்கள். எதிர்க்கரை ஜிம்பாப்வே தேசம். அங்கே மானா பூல்ஸ் என்ற வனம். 'மானா' என்றால் அந்நாட்டுப் பாஷையில் நான்கு. ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டபோது விட்டுச்சென்ற நான்கு மடுக்களால் வந்த பெயர். இரு கரைக்கும் இடையே யானைகள் நீந்திக் கடக்கும். சர்க்கார் எல்லை எங்கே இருக்கிறது என்று அவை கேட்பதில்லை. பிரயாணிகள் ஒல்லியான ஓடங்களில் துடுப்புப் போட்டு ஆற்றோடு இறங்குவார்கள். ஓடத்தின் விளிம்பைத் துடுப்பினால் அவ்வப்போது தட்டிக்கொண்டே போவது வழிகாட்டியின் வழக்கம். அது தாளம் போடுவதற்கன்று. நீருக்கடியில் இருக்கும் நீர்யானை அந்தச் சப்தத்தைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தைத் தலை தூக்கிக் காட்டிவிடும். ஓடம் விலகிப் போய்விடலாம். தெரியாமல் அதன் முதுகின்மேல் ஏறிவிட்டால் ஓடமும் இல்லை, ஓடத்திலிருந்தவர்களும் இல்லை.

அந்தப் பள்ளத்தாக்கு காடாகவே நிலைத்ததற்கு ஒரு சிறு பிராணியும் காரணம். ட்ஸெட்ஸி என்னும் ஈ கடித்தால் மாடு நோய் கண்டு மடியும். ஆகவே அங்கே மாடு வளர்ப்போர் குடியேறவில்லை. அதுபோலவே, நாம் பின்னால் சொல்லப்போகும் நீலகிரி அடிவாரத்தையும் வயநாட்டையும் நெடுங்காலம் காத்தது மலேரியாக் கொசு. ஈயும் கொசுவும் செய்த காவலை எந்த இலாகாவும் அவ்வளவு சிக்கனமாகச் செய்ததில்லை.

அதே நதியில் கரீபா என்னும் இடத்தில் 1950-களில் ஓர் அணை கட்டினார்கள். நீர் ஏறத் தொடங்கியதும் தீவுகளாகிப்போன மேடுகளில் மிருகங்கள் சிக்கின. படகுகளில் சென்று சுமார் 6,000 மிருகங்களை மீட்டார்கள். 'நோவாவின் பேழை' என்று மேல்நாட்டுப் பத்திரிகைகள் கொண்டாடின. அதே நீருக்காக அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அகற்றப்பட்ட டோங்கா மக்கள் சுமார் 57,000 பேர். மறுத்து நின்ற ஒரு கிராமத்தின்மீது 1958-ல் போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் எட்டுப் பேர் மாண்டனர். மானை மீட்ட கதை உலகறிந்தது. மனிதர் கதையைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. சபாரிப் படங்களைப் பார்க்கும்போது இந்த ஒரு விஷயத்தையும் அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் அதே தேசத்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. லுவாங்வா நதிப் பள்ளத்தாக்கில் 1950-ல் நார்மன் கார் என்பவர் என்செஃபு என்ற குலத் தலைவரிடம் பேசி, அவர்களுடைய நிலத்திலேயே வேடிக்கை பார்க்க வருவோருக்கு ஒரு முகாம் அமைத்தார். வரும் கட்டணம் அந்தக் குலத்துக்கே சேரும் என்பது ஏற்பாடு. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கால்நடையாகக் காட்டைக் காட்டும் வழக்கமும் அவராலேயே அங்கு பரவிற்று.

நிற்க.

ஜாம்பசிக்குப் போக இயலாதவர்களுக்கு நம் மாகாணத்திலேயே ஓர் ஆற்றங்கரை இருக்கிறது. உதகமண்டலத்துக்கு அப்பால் பைக்காராவில் ஓடும் நீர் மலையை விட்டு வடக்கே இறங்கி மாயாறு என்று பெயர் பெறுகிறது. 1932-ல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகளைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டிருக்கும் அத்திப்பட்டு வாசிகளுக்கு, நீரிலிருந்தும் மின்சாரம் பிறக்கும் என்பதே ஒரு செய்தியாயிருக்கலாம். தெப்பக்காட்டைத் தாண்டிக் கிழக்கே திரும்பும் மாயாறு, ஆழமான ஒரு பிளவில் இறங்கி, தமிழ் நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக ஓடிப் பவானிசாகரில் சேர்கிறது. அதன் கரைக்காடே முதுமலை.

இந்தக் காட்டின் பூர்வ கதையும் படிக்கத்தக்கது. நிலம்பூர்த் திருமுல்பாட்டின் சொத்தாயிருந்த காட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் குத்தகைக்கு எடுத்துத் தேக்கையும் ஈட்டியையும் வெட்டினார்கள். வெட்டிய மரத்தை இழுக்க யானைகள். யானைகளைப் பழக்கக் குறும்பர், இருளர் முதலிய மலைஜாதியார். 1879-ல் நீலகிரிக்கென்று ஒரு வேட்டைச் சட்டமும் செய்தார்கள். மிருகங்கள் அழிந்துபோகாமல் காப்பது அதன் நோக்கமென்றார்கள்; துரைமார் சுடுவதற்கு அடுத்த வருஷமும் மிருகம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே அதன் உள்நோக்கம் என்று கொண்டால் பெரிதும் தவறாகாது. அச்சட்டத்தின் பிறகு துரை சுட்டால் விளையாட்டு, குறும்பர் கண்ணி வைத்தால் திருட்டு. 1940-ல் முதுமலையில் சுமார் 60 சதுர கிலோமீட்டர் சரணாலயமாக்கப்பட்டது. பிறகு படிப்படியாக விரிந்து 321 சதுர கிலோமீட்டராயிற்று. 2007-ல் புலிகள் காப்பகமாயிற்று. ஒரு பக்கம் பந்திப்பூர், மற்றொரு பக்கம் வயநாடு; மூன்று ராஜ்யங்களின் காடும் ஒன்றே.

சென்ற வருஷம் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேரை அழைத்துக்கொண்டு நாம் அங்கே போயிருந்தோம். அத்திப்பட்டில் மின்சார ரயிலேறி, சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பஸ்ஸில் உதகை சேர்ந்து, அங்கிருந்து கூடலூர் வழியாகத் தெப்பக்காடு. கல்லட்டி வழி குறுக்கு வழிதான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். விபத்துக்கள் பல நேர்ந்தமையால் வெளியூர் வண்டிகளை அவ்வழியே இறங்க விடுவதில்லை. நமக்கும் அதில் வருத்தமில்லை. கூடலூர் வழியிலேயே நான்கு பிள்ளைகளுக்குத் தலை சுற்றிற்று.

தெப்பக்காட்டில் வன இலாகாவின் வேனில்தான் காட்டுக்குள் செல்ல வேண்டும். சொந்த மோட்டார் எவ்வளவு உயர்ந்ததாயிருந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதே. இந்தச் சமத்துவம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. சுமார் ஒரு மணி நேரச் சவாரி. புள்ளிமான்கள் கணக்கில்லாமல், ஒரு கடமான், மயில்கள், மூங்கில் புதரோரத்தில் மூன்று காட்டெருமைகள். இதன் காலில் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்ததுபோல் இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்து நம் பள்ளி டிரில் மாஸ்டரை நினைத்துச் சிரித்தார்கள். புலி வரவில்லை. வேனில் நமக்கு முன்னால் அமர்ந்திருந்த கனவான் ஒருவர், பணம் கொடுத்தும் புலி காட்டவில்லையே என்று டிரைவரைக் கோபித்துக்கொண்டார். டிரைவர் மிக மரியாதையாக, "அது எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லைங்க" என்றார்.

ஆனால் ஒரு திருப்பத்தில் டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். மரத்தின் மேலிருந்து மந்தி ஒன்று இருமுவதுபோல் குரல் கொடுத்தது. சற்றைக்கெல்லாம் கீழே ஒரு புள்ளிமான் 'கியாங்' என்று கூவிற்று. மேயும் மானுக்குத் தொலைவு தெரியாது. மரத்தின்மேல் இருக்கும் மந்திக்குத் தெரியும். புலியோ சிறுத்தையோ நடமாடினால் மந்தி கூவும், மான் அதைக் கேட்டு நிமிரும். மந்தி கடித்தெறியும் தழையை மான் பொறுக்கித் தின்னும் சிநேகம் அது. இருபது பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பறையில் நாம் ஒருநாளும் கண்டிராத காட்சி. புதருக்குப் பின்னால் என்ன இருந்ததென்று எவருக்கும் தெரியாது.

மாலையில் யானை முகாம். கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் எல்லாவற்றையும் கலந்து பெரிய உருண்டைகளாக உருட்டி ஒவ்வொரு யானைக்கும் வைத்தியர் எழுதிக்கொடுத்த அளவுப்படி ஊட்டுகிறார்கள். பாகனுக்கு உதவியாளரைக் 'காவடி' என்பது அவர்கள் வழக்கு. தாயை இழந்த குட்டிகளை இங்கே பொம்மன், பெள்ளி தம்பதிகள் வளர்த்த கதை சினிமாப் படமாகி 2023-ல் ஆஸ்கார் பரிசு பெற்றதை நம் வாசகர்கள் அறிவார்கள். பெள்ளி அம்மாள் அதே வருஷம் சர்க்காராலேயே காவடியாக நியமிக்கப்பட்டார். அறியாதவர்கள் அறிய வேண்டியது மூர்த்தியின் கதை. கொம்பில்லாத ஆண் யானையை மக்னா என்பார்கள். அப்படியொரு மக்னா கேரளத்திலும் கூடலூரிலுமாக இருபதுக்கு மேற்பட்ட மனிதர்களைக் கொன்றது. சுட்டுவிடும்படி கேரளத்தில் உத்தரவாயிற்று. தமிழ் நாட்டு எல்லைக்குள் வந்ததும், சுடாமல் 1998-ல் அதைப் பிடித்துத் தெப்பக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உடலெங்கும் காயம். வன இலாகாவின் பிரசித்தி பெற்ற கால்நடை வைத்தியர் கிருஷ்ணமூர்த்தி அதற்குச் சிகிச்சை செய்தார். அவர் பெயரையே அதற்கு இட்டார்கள். பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் அது எவரையும் தொட்டதில்லை. 2024 அக்டோபரில் முகாமிலேயே மூப்பினால் இறந்தது. கொலையாளி என்று தீர்ப்பெழுதிய பிறகும் ஒரு பிராணியின் உடம்பில் முதலில் காயத்தைத் தேடிய வைத்தியரை நினைத்து நாம் முகாமில் சிறிது நேரம் நின்றோம்.

இனி, சொல்லக் கசப்பான பகுதிக்கு வருவோம். தெப்பக்காட்டுக்குக் கிழக்கே ஏழெட்டுக் கிலோமீட்டரில் மசினகுடி. அதைச் சுற்றியுள்ளது சீகூர் மேட்டுநிலம். தெற்கே நீலகிரியின் செங்குத்தான சரிவு, வடக்கே மாயாற்றின் பிளவு. நடுவே ஒடுங்கிய தரை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு மலைகளுக்குப் போகும் யானைகளுக்கு அதுதான் சாலை. அந்தச் சாலையின்மேல்தான் உல்லாச விடுதிகளைக் கட்டினார்கள், மின்வேலி போட்டார்கள். 2010-ல் சர்க்கார் அந்நிலத்தை யானை வழித்தடம் என்று அறிவித்தது. விடுதிக்காரர்கள் வழக்காடினார்கள். 2011-ல் சென்னை ஹைகோர்ட்டும், 2020 அக்டோபர் 14-ல் சுப்ரீம் கோர்ட்டும் யானையின் பக்கமே தீர்ப்புச் சொல்லின. இதற்கிடையில் 2018-லேயே பல விடுதிகளுக்கு முத்திரை வைத்தார்கள்.

ஆயினும் 2021 ஜனவரியில் நடந்ததை என்னென்பது? மசினகுடிப் பக்கத்தில் ஒரு தனியார் தங்குமிடத்தின் அருகே வந்த ஆண் யானையின்மீது எரியும் பொருளை வீசினார்கள். காது கருகி, புண்ணோடு திரிந்து, முகாமுக்கு ஏற்றிச் செல்லும் வழியில் அது உயிர் விட்டது. அந்த யானைக்குச் சில நாட்களாக மருந்து கொடுத்து வந்த வனக் காவலர் ஒருவர், லாரியில் கிடந்த அதன் தும்பிக்கையைத் தடவிக்கொண்டு விம்மி அழுத காட்சியைத் தேசமே பார்த்தது. வீசியவர்கள் கைது செய்யப்பட்டனர். ஆனால் யானை அங்கே ஏன் வந்தது என்று கேட்க வேண்டாமா? வருவோருக்கு யானை காட்ட வேண்டுமென்று வாழைப்பழமும் பலாப்பழமும் வைத்துப் பழக்குகிற இடத்துக்கு அது மறுநாளும் வரத்தான் செய்யும். வேண்டும்போது விருந்தாளி, வேண்டாதபோது எதிரியா? இரவில் ஜீப்பில் ஏற்றிச் சென்று விளக்கடித்து மிருகம் காட்டுவதாகச் சொல்லும் தரகர்களும் உண்டு. அது சட்டவிரோதம். சொல்லப்போனால், இரவுச் சவாரி கேட்கிற கைகள் நம் போன்ற குடும்பங்களின் கைகளே. ராத்திரிக்கு ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுக்கத் தயாராயிருக்கும் குடும்பத் தலைவர் ஒருவரும் இல்லாவிட்டால் அந்த ஜீப் எதற்காகக் கிளம்பும்? பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதல் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டிகளைத் தடுத்திருப்பதும், நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் ஹைகோர்ட் ஆணைப்படி இ-பாஸ் கேட்பதும் நமக்குச் சிரமமே. அந்தச் சிரமத்தைத் தாங்கிக்கொள்வதே நம் டிக்கெட்டின் விலையில் ஒரு பாகம் என்று நாம் கருதுகிறோம்.

மலைஜாதியாரின் விஷயமும் தீர்ந்தபாடில்லை. புலிக்காகக் காட்டின் உட்பகுதியிலிருந்த குடிகளை வெளியேற்றிக் குடியமர்த்தினார்கள். யானையைப் பழக்கவும், தீயை அணைக்கவும், அடிச்சுவடு பார்க்கவும் வேண்டியிருக்கிற மனிதரை, குடியிருக்க மட்டும் வேண்டாமென்பது கரீபாவை நினைவூட்டாமற் போகவில்லை. 2006-ல் செய்த வன உரிமைச் சட்டம் அவர்களுக்குச் சொல்லிய உரிமை அனைத்தும் கைக்கு வந்தால் நன்று. ஒரு நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து இன்று புல்லை மூடிக் காட்டையே விழுங்கும் உண்ணிச் செடியின் தண்டுகளை வளைத்து, குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகியோர் ஆளுயரத்துக்கு மேற்பட்ட யானை உருவங்கள் செய்கிறார்கள். 2021-ல் லண்டன் நகரத்துப் பூங்காக்களில் அந்த யானைக் கூட்டம் நின்றது. மிருகத்தின் மேய்ச்சலைக் கெடுத்த களை கூலியாகவும் கலையாகவும் மாறிற்று.

மாயாற்றங்கரையில் யானையைவிட அரிதான பிராணி ஒன்றுண்டு. அதைக் காண்பிக்கச் சொல்லி எவரும் டிரைவரைக் கோபிப்பதில்லை. பிணந்தின்னிக் கழுகு என்று முகம் சுளிக்கிறோமே, அந்தப் பாறு. மாட்டுக்கு வலி நீங்கக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. வெண்முதுகுப் பாறுகளில் 100-க்கு 99 இந்தியாவில் அழிந்துபோயின. 2006-ல் மாட்டு வைத்தியத்துக்கு அம்மருந்தைத் தடை செய்தார்கள். தென்னாட்டில் எஞ்சியவற்றின் முக்கியமான புகலிடம் இந்தப் பள்ளத்தாக்கே. ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் கூடு கட்டுகின்றன, வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. இளம் மாணவி ஒருத்தி நம்மிடம், "அது அசிங்கமாயிருக்கிறதே, ஸார், அதையும் ஏன் காப்பாற்ற வேண்டும்?" என்று கேட்டாள். பள்ளிக்குப் பின்புறம் செத்துக் கிடந்த எருமை நாற்றமெடுத்து, நகரசபை வண்டி வர மூன்று நாள் ஆனதை நினைவூட்டினோம். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

முதுமலைக்குப் போக உத்தேசிப்போர் ஒன்றைக் கவனிக்க. பிப்ரவரிக்கு மேல் புல் காய்ந்து காட்டுத் தீக்கு அஞ்சும் காலத்தில் சில வருஷங்களில் சரணாலயத்தை மூடிவிடுகிறார்கள். புறப்படுமுன் வன இலாகாவில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு தூரம் போகச் சௌகரியப்படாதவர்கள், அத்திப்பட்டில் ரயிலேறி மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. மார்கழி, தை மாதங்களில் ஏரியின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும். 2011 டிசம்பர் 25-ல் அங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை மறக்கலாகாது, கரையிலிருந்தே பார்க்கலாம். ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி கையில் இருந்தால் போதும்.